வைக்கோல் கூடையில் வேகும் சோறு

கேள்வி: வீட்டில் ஏசி இல்லை. நான்கு மின்விசிறி, ஒரு ஃபிரிட்ஜ்தான். ஆனாலும் மின்கட்டணம் தாளவில்லை. எங்கே குறைப்பது?
- வாசகி, பாபநாசம்

பதில்: முதலில் மின்விசிறியைக் கவனியுங்கள், அம்மா. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 45 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் என்றால் 18 யூனிட்தான். நான்கையும் மாற்றினால் 108 யூனிட் மிச்சம்; யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறுவதால், அதுவும் விலை கூடிய மேல்படியிலிருந்து குறையும்.

ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்; இது அடுப்பு எரிபொருளை மிச்சமாக்கும். திருவையாற்றில் எங்கள் வீட்டில் மூங்கில் கூடை நிறைய வைக்கோல் வைத்திருக்கிறேன். பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, அளவாகத் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிடம் தளதளவென்று கொதித்ததும் மூடிய பானையைக் கூடைக்குள் இறக்கிவிடுவேன். மேலே வைக்கோல் திணித்த தலையணை. வைக்கோல் சூட்டை வெளியே விடாது; அந்தச் சூட்டிலேயே அரிசி வெந்துவிடும். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். சோறு பூவாக மலர்ந்திருக்கும். அறுவடை முடிந்த வயலில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கூடையிலுள்ள வைக்கோலில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்துங்கள்.