பூட்ஸ் முதல் பச்சைத் தொப்பி வரை

கேள்வி: அமெரிக்கச் சிறப்புப் படையினரின் பச்சைத் தொப்பி கென்னடி கொடுத்தது என்கிறார்களே, உண்மையா? (வாசகர், திருச்சி)

பதில்: அனுமதி கென்னடியுடையது, சரி. ஆனால் 1961 அக்டோபர் 12 அன்று ஃபோர்ட் பிராக் முகாமில் அந்தத் தொப்பியோடு அவரை வரவேற்று நின்றவர், அங்கிருந்த சிறப்புப் படைப் பயிற்சி மையத்தின் தலைவர் வில்லியம் யார்பரோ. அதுவரை ராணுவத் தலைமை அதை அணியக் கூடாது என்று தடுத்துக்கொண்டிருந்தது, வீரர்களோ அதிகாரிகள் கண்ணில் படாமல் அணிந்துகொண்டிருந்தார்கள். கென்னடியின் ராணுவ உதவியாளரும் யார்பரோவும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அந்தப் பழக்கமும் கைகொடுத்தது.

எனக்கு இந்த மனிதரைப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. 1941-லேயே, பாராசூட் படை பச்சைக் குழந்தையாக இருந்தபோதே, குதித்து இறங்குகிறவனின் கணுக்கால் மடங்காமல் இறுக்கிப் பிடிக்கும் உயரமான பூட்ஸை வடிவமைத்தார். மார்பில் குத்தும் சிறகுச் சின்னமும் அவர் வரைந்ததுதான், கண்டவர்கள் மலிவாக நகல் எடுத்துவிடக் கூடாது என்று அதற்குக் காப்புரிமையே வாங்கினார். காகிதத்தில் படம் வரைந்ததோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து அல்ஜீரியா வரை சுமார் 1,500 மைல், பாராசூட் வீரர்களோடு 39 விமானங்கள் போன பயணத்தைத் திட்டமிட்டவரும் அவர்தான், கூடவே பறந்தார். அப்புறம் இத்தாலியின் சிசிலித் தீவு. 1943 ஜூலை 11 இரவு சொந்தப் படையின் கப்பல்களும் பீரங்கிகளுமே எதிரி என்று நினைத்துச் சுட்டதில் 144 விமானங்களில் 23 விழுந்தன, அந்த விமானங்களில் பறந்தவர்களில் அவர் தலைமையிலான பட்டாலியனும் உண்டு. சிசிலிக்குப் பிறகு அந்த பட்டாலியனின் தலைமை கையை விட்டுப் போனாலும், இத்தாலியின் ஆன்சியோவில் 509-வது பாராசூட் பட்டாலியனை நடத்தினார்.

ஃபோர்ட் பிராக்கில் சுடுவதும் குதிப்பதும் மட்டும் போதாது என்று மொழிகளையும் உள்ளூர் மக்களோடு பழகுவதையும் பயிற்சியில் முக்கியமாக்கினார். அதே யார்பரோதான் 1962-ல் கொலம்பியாவுக்குப் போய்வந்து, கம்யூனிஸ்ட் ஆதரவாளர்களுக்கு எதிராக ரகசியக் குழுக்களுக்கு நாசவேலைப் பயிற்சி கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தவர். அதை என்னால் ஏற்க முடியாது, அவர் மீதுள்ள மதிப்புக்காக மறைக்கவும் மாட்டேன்.

1971-ல் லெப்டினன்ட் ஜெனரலாக ஓய்வு பெற்றார், 2005-ல் காலமானார். இன்றும் சிறப்புப் படைப் பயிற்சியை முடிக்கிற ஒவ்வொருவருக்கும் வரிசை எண் பொறித்த ஒரு கத்தி கொடுக்கிறார்கள், அதன் பெயர் யார்பரோ.