2018 சிஆர்-வியை மோட்டார்ஹோம் பின்னால் இழுப்பது பற்றி

வணக்கம். உங்கள் 2018 ஹோண்டா சிஆர்-வி காரை (நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் ஆல் வீல் டிரைவ் வகை) நியூட்ரலில் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் உருள, மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) பின்னால் அரிசோனா வரை இழுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2014 மாடல் வரை ஹோண்டா அதை அனுமதித்தது. 2015இல் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வந்தபின் அந்த வழி அடைபட்டுவிட்டது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே எண்ணெய் சரியாகச் சுற்றாது, கியர்பாக்ஸ் போய்விடும்.

முன்சக்கரத்தை மட்டும் தூக்கும் டாலி என்ற சிறு இழுவண்டியும் உங்கள் வண்டிக்கு ஆகாது; பின்சக்கரம் தரையில் உருளும். காரை முழுதாக மேலே ஏற்றும் டிரெய்லர்தான் வழி. அப்புறம் எடைக் கணக்கு, இதில் அவசரப்படாதீர்கள். கார் சுமார் 3,400 பவுண்டு, டிரெய்லர் ஏறக்குறைய 2,000. மோட்டார்ஹோமின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச்சில் 5,000 பவுண்டு என்று போட்டிருந்தால் தாங்காது. 7,500 என்றிருந்தாலும், தண்ணீர், பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி மோட்டார்ஹோமை எடை போடுங்கள். இழுக்கும் வண்டிக்கும் இழுபடுவதற்கும் சேர்த்துக் கையேட்டில் கொடுத்திருக்கும் உச்ச எடையிலிருந்து அதைக் கழியுங்கள். மிஞ்சுவது, ஹிட்ச் எண், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு.

டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் வேண்டும். மலைச்சரிவில் மோட்டார்ஹோம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தி, காரைக் கட்டிய பட்டைகளை மறுபடி இறுக்குங்கள்.