தவணை மனையில் சேரலாமா?

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டியூஷன் எடுத்ததில் 15,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. மாதத் தவணையில் மனை தருவதாக நோட்டீஸ் கொடுக்கிறார்கள். சேரலாமா?

- கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இந்தத் திட்டங்களில் பொதுவாகக் கடைசித் தவணைக்குப் பிறகுதான் பத்திரம். நடுவில் நிறுவனம் கைவிரித்தால் உங்களிடம் மிஞ்சுவது ரசீதுக் கட்டு. நோட்டீஸில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண்ணும் இருக்கிறதா? 'அப்ரூவலுக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அங்கீகாரமில்லாத புது மனையைச் சார்பதிவாளர் பதிய மாட்டார். ரெரா சட்டப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனம் உங்களிடம் வாங்கவும் கூடாது. சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி 30 வருட வில்லங்கம் பாருங்கள். எண்ணைத் தர நிறுவனம் தயங்கினால் காரணம் ஊகிக்கக்கூடியதே.

இன்னொன்று, முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 5 லட்ச ரூபாய் மனைக்கு 45,000. நோட்டீஸில் இது இருக்காது!

கட்டட வாடகையில் பங்கு போதுமென்றால் ரீட் (பலரிடம் பணம் திரட்டி, வாடகை தரும் கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை) இருக்கிறது. டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) தொடங்கி எம்பசி, மைண்ட்ஸ்பேஸ் போன்ற ரீட்களில் ஒரே ஒரு யூனிட்கூட வாங்கலாம். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை ரீட் தன் முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். அலுவலகங்கள் காலியானாலோ வட்டி ஏறினாலோ யூனிட் விலை இறங்கலாம். செமஸ்டர் ஃபீஸ் பணத்தைத் தொடாதீர்கள்.