சாக்ஸில் பொம்மை செய்கிறேன், பார்ப்பவர்கள் எல்லாரும் விற்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இதை வியாபாரமாகச் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் விற்கச் சொல்கிறவர்கள் வேறு, காசு கொடுத்து வாங்குகிறவர்கள் வேறு. நீங்களும் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில் தைக்க உட்காருபவர் என்று நினைக்கிறேன். ஈசூனில் நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கணவர் வழி உறவுக்காரர் ஒருவர், மகளின் பிறந்தநாளுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இருபது யானை கேட்டார். ஒன்று இருபத்தைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றேன். "சொந்தத்துக்குள்ள என்னம்மா கணக்கு? தேக்காவில் பத்து வெள்ளிக்கு இதைவிடப் பெருசா கிடைக்குது" என்று லிட்டில் இந்தியா கடைகளைக் காட்டினார். ஒரு ஜோடி சாக்ஸ், பஞ்சு, நூல் எல்லாம் சேர்ந்து ஐந்து வெள்ளிதான். ஆனால் நூல் வெளியே தெரியாமல் தும்பிக்கையைப் பொருத்தி முடிக்க மூன்று மணி நேரம் போகிறது. அந்த நேரத்துக்குக் கூலி வேண்டாமா? விலையைக் குறைக்கவில்லை. திமிர் என்று சிலர் சொல்லலாம், சொல்லட்டும். பிறகு ஒரு பாலர் பள்ளி ஆசிரியர் கதை நேரத்துக்குக் கைப்பாவைகள் கேட்டு, சொன்ன விலையை அப்படியே கொடுத்தார். அவர் மூலமாக வந்தவர்கள்தான் இன்றும் வாங்குகிறார்கள்.

"இணையத்தில் பார்த்துக் காப்பியடித்தது" என்றும் சொல்வார்கள். சாக்ஸ் குரங்கு அமெரிக்காவில் ராக்ஃபோர்ட் நகரத்துச் சாக்ஸின் சிவப்புக் குதிகாலை வாயாக வைத்துத் தைத்த பழைய வடிவம். அதை யாரும் தைக்கலாம். என் யானையை நானே வெட்டிப் பார்த்து உருவாக்கினேன்.

கண்ணுக்குப் பொத்தான் வேண்டாம். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பிய்த்து வாயில் போட்டுவிடும். நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொம்மையில் கட்டித் தொங்கவிட தமிழில் அட்டை அச்சடிக்கக் கொடுத்தேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக வந்தது. கடைக்காரர் "யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்றார். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்றாக இருக்கும் நாட்டில் இதைக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. வேறு கடையில் முழுக் காசு கொடுத்து மறுபடி அச்சடித்தேன். நம் பிள்ளைகள் அந்த அட்டையைத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

சரி, அனுமதி விஷயம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இப்படிச் சிறிய அளவில் தைத்து விற்க வீவகவிடம் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவர்கள்தான் வேலை செய்யவேண்டும், வாசலில் விளம்பரப் பலகை கூடாது. நீங்கள் டிபெண்டன்ட் பாஸில், அதாவது இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவரின் குடும்பத்தாருக்கான அனுமதியில், இருந்தால் கதையே வேறு. மனிதவள அமைச்சிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை ஒரு பொம்மைகூட விற்காதீர்கள்.