நான்கு மைலில் ஒரு விமானம் வருகிறது, நிற்பதை அனுப்பலாமா?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கணினியில் விமானம் ஓட்டுபவர்கள் இணையத்தில் கூடும் வாட்சிம் வலையமைப்பில், தரையில் நகரும் விமானங்களை நடத்தும் சென்னையின் கிரவுண்ட் கட்டுப்பாட்டாளராக இருக்கிறேன். இப்போது ஓடுபாதையைக் கவனிக்கும் டவர் பொறுப்புக்குப் பயிற்சி நடக்கிறது. ஒரு விமானம் இறங்க வந்துகொண்டிருக்கும்போது, புறப்படக் காத்திருப்பதை அனுப்புவதா நிறுத்துவதா என்று தெரியாமல் திணறுகிறேன். சென்ற ஞாயிறு இரண்டு விமானங்கள் இறங்க முடியாமல் திரும்ப மேலே போய்விட்டன. ஒருவர் 15,000 ரூபாய்க்குச் சான்றிதழுடன் பயிற்சி தருவதாகவும், அது விமான நிலைய ஆணையத்தின் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) வேலைக்கும் கைகொடுக்கும் என்றும் சொல்கிறார். சேரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சேர வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஓடுபாதையைக் கவனிப்போம்.

விதி சின்னதுதான். இறங்கும் விமானம் ஓடுபாதையின் தொடக்க முனையைக் கடக்கும் நேரத்தில், முன்னால் புறப்பட்டது மறுமுனையைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரியும். தெரியாதது நேரக் கணக்கு.

ஏர்பஸ் 320 போன்ற விமானம் கடைசிக் கட்டத்தில் ஏறத்தாழ 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) தரைவேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 2.3 கடல் மைல். நான்கு மைலில் இருந்தால் முனையைத் தொட 100 நொடி இருக்கிறது. ஆறு மைலில் இருந்தால் 150 நொடி. எதிர்ப்பக்கம் பாருங்கள். ஓடுபாதையில் ஏறி நிற்கும் விமானத்துக்கு நீங்கள் அனுமதி கொடுத்து, விமானி அதைத் திருப்பிச் சொல்லி, என்ஜின் வேகம் பிடித்து, சக்கரம் தரையை விட்டு, மறுமுனையையும் தாண்ட 70 நொடியாவது ஆகும். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். காத்திருப்புக் கோட்டிலிருந்து உள்ளே வந்து நேராக நிற்க இன்னும் 40 நொடி, நிதானமான விமானி என்றால் ஒரு நிமிடம்.

ஆகவே தொடக்கத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவது ஓடுபாதையில் தயாராக நிற்கிறது, வருவது நான்கு மைலுக்கு வெளியே இருக்கிறது என்றால் அனுப்பலாம். கோட்டில்தான் நிற்கிறது என்றால் ஆறு மைல் வேண்டும். விமானி குரலில் பேசாமல் தட்டச்சில் பதில் சொல்பவர் என்றால், வருவது இறங்கி வெளியேறும்வரை அவரைத் தொடவே தொடாதீர்கள். கோடைப் பிற்பகலில் கடல்காற்று எழுந்து கிழக்கு நோக்கிய 07 ஓடுபாதைக்கு நல்ல எதிர்காற்று கிடைத்தால், வருபவரின் தரைவேகம் குறைந்து உங்களுக்குச் சில நொடிகள் மிச்சமாகும். ரேடார் திரையில் விமானத்தின் பக்கத்தில் தெரியும் தரைவேகத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். 140 என்பதை மந்திரம் போல ஓதாதீர்கள்.

போயிங் 777 போன்ற கனரக விமானம் புறப்பட்ட பிறகு, அது விட்டுச்செல்லும் சுழல்காற்று அடங்க, ஏர்பஸ் 320 அளவுள்ளதை அதே ஓடுபாதையில் அனுப்ப 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்னால் வருவது பாதியிலிருந்து புறப்பட்டால் 3 நிமிடம். கணினியில் சுழல்காற்று யாரையும் கவிழ்க்காதே என்று வாதிடுபவர்கள் உண்டு. தேர்வில் அந்த வாதம் எடுபடாது.

எனக்கென்னவோ உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சிக்கலுக்குக் காரணம் இந்தக் கணக்கு மட்டுமல்ல. கிரவுண்டும், வழித்தட அனுமதி தரும் கிளியரன்ஸும் ஆளில்லாமல் இருந்தால், அந்த வேலையும் டவர் தலையில்தான் விழும். ஒருவர் துபாய் போகும் வழித்தட அனுமதியைக் கேட்பார். நீங்கள் அதை வாசித்து, அவர் தப்பாகத் திருப்பிச் சொல்லி, நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும்போது, ஐந்து மைலில் இருந்தவர் இரண்டு மைலுக்கு வந்துவிடுவார். வழித்தடம் கேட்பவரிடம் "ஸ்டாண்ட் பை" என்று சொல்லி விட்டுவிடுங்கள். நிறுத்துமிடத்தில் இருப்பவருக்கு அவசரம் எதுவும் இல்லை. இறங்க வருபவர்களை வரிசைப்படுத்தி அனுப்பும் அப்ரோச்சில் யாரும் இல்லை என்றால் நிலைமை இன்னும் மோசம்; வருகிறவர்கள் இடைவெளி இல்லாமல், முட்டிமோதிக்கொண்டு வருவார்கள். அவர்களைப் பிரித்து வரிசைப்படுத்துவது டவரின் வேலை அல்ல. அன்று புறப்பாடுகளை நிறுத்திவையுங்கள். காத்திருப்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். குறுக்கே போகும் 12/30 ஓடுபாதையையும் பயிற்சி முடியும்வரை மறந்துவிடுங்கள்.

இனி ஒரு விதிவிலக்கு. இதில்தான் பயிற்சி எடுப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நேரத்தை மிச்சப்படுத்த, "இறங்க வரும் ஏர்பஸ் போன பிறகு உள்ளே வந்து நில்" என்று நிபந்தனையுடன் அனுமதி கொடுக்கலாம். "பிஹைண்ட் லேண்டிங் ஏர்பஸ் ஆன் ஷார்ட் ஃபைனல், லைன் அப் பிஹைண்ட்" என்று, நிபந்தனையை முதலிலும் முடிவிலும் இருமுறை சொல்ல வேண்டும். அந்த ஏர்பஸ் உங்கள் கண்ணிலும் பட வேண்டும், விமானியின் கண்ணிலும் பட வேண்டும். உண்மையான விமான நிலையத்தில் விமானி ஜன்னல் வழியே பார்த்து உறுதிசெய்துகொள்கிறார். கணினியில் என்ன நடக்கிறது? அவருடைய கணினியில் அந்த விமான நிறுவனத்தின் விமான மாதிரி நிறுவப்பட்டிருக்காவிட்டால், மென்பொருள் கையில் கிடைத்ததைக் காட்டும். நீங்கள் சொல்வது நீலநிற ஏர்பஸ். அவர் திரையில் தெரிவது வெள்ளை போயிங். "ஏர்பஸ் ஏற்கெனவே போய்விட்டது போலிருக்கிறது" என்று அவர் உள்ளே வந்து நின்றால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே நிறத்தைச் சொல்லாதீர்கள். வருவது எத்தனை மைலில் இருக்கிறது என்று சொல்லி, "டிராஃபிக் இன் சைட்" (அந்த விமானம் தெரிகிறது) என்று அவர் வாயால் வந்த பிறகே நிபந்தனை அனுமதியைக் கொடுங்கள். இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து வந்தால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எந்த ஏர்பஸ் என்ற குழப்பம் அங்கே நிச்சயம். புறப்படுவதற்கான அனுமதியை ஒருபோதும் நிபந்தனையுடன் கொடுக்கக் கூடாது. அந்த அனுமதியைக் கொடுக்கும் அல்லது ரத்துசெய்யும் கணம் தவிர "டேக் ஆஃப்" என்ற சொல்லே உங்கள் வாயில் வரக் கூடாது. மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்". 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு வந்த கட்டுப்பாடு இது.

இப்போது அந்த 15,000 ரூபாய். வாட்சிமில் சேரவும் பயிற்சி பெறவும் கட்டணம் கிடையாது. பயிற்றுநர்கள் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். அங்கே கிடைக்கும் தகுதிநிலைக்கு வெளியே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் என்ற ஏடிசி பணிக்கு இயற்பியல், கணிதத்துடன் பி.எஸ்சி., அல்லது ஏதாவது ஒரு செமஸ்டரில் அந்தப் பாடங்கள் இருந்த பொறியியல் பட்டம் வேண்டும். கணினித் தேர்வு, குரல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அவர்களே நடத்துவது. தேர்வானவர்களுக்கு அவர்களே சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். இதில் தனியார் சான்றிதழ் எங்கே நுழைகிறது? "எங்களுக்கு ஆள் தெரியும்" என்று அந்த மனிதர் சொல்லியிருந்தால் எண்ணை முடக்கிவிடுங்கள். வரைபடம் விற்பவர்களும் இதே கூட்டம்தான். சென்னையின் ஓடுபாதை, புறப்பாட்டு வழித்தடம், தரையிறங்கும் முறை ஆகிய எல்லா வரைபடங்களையும் ஆணையமே தன் மின்னணு வெளியீட்டில் இலவசமாகத் தருகிறது. அதை நகலெடுத்து, பழைய பதிப்பை, 500 ரூபாய்க்கு விற்கிறார்கள். இவை 28 நாள் சுழற்சியில் மாறக்கூடியவை. வேறொருவரின் வாட்சிம் கணக்கையே தகுதிநிலையோடு விலைபேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான். பிடிபட்டால் உங்களுடையதும் போகும்.

இவர்கள் பிழைப்பதற்கு ஒரு காரணம், இந்தப் பொழுதுபோக்கை நடத்துபவர்களின் போக்கும்தான். மாதக்கணக்கில் வரிசையில் நிறுத்துவது, அதற்குள் நூறு பக்க ஆங்கில ஆவணத்தைக் கையில் திணித்து "படித்துவிட்டு வா" என்பது, சந்தேகம் கேட்டால் மறுபடி அதே ஆவணத்தைக் காட்டுவது. பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிற விமானத்தைக் காட்டி "இப்போது எத்தனை நொடி?" என்று கேட்டால் முடிகிற விஷயம். உங்கள் பயிற்றுநரிடம் இதையே கேளுங்கள். மறுத்தால், பார்வையாளராக இணைந்து வேறொருவர் டவரை நடத்தும்போது நீங்களே நொடிகளை எண்ணுங்கள்.

கடைசியாக, திரும்ப மேலே போன அந்த இரண்டு விமானங்கள். அது குற்றமல்ல, இடைவெளி போதவில்லை என்று தெரிந்ததும் "கோ அரவுண்ட்" சொன்னது சரியான முடிவு. ஆனால் சொன்ன நொடியில் ஓடுபாதையில் நிற்பவரை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இருவரும் ஒரே திசையில் ஒன்றாக மேலே ஏறுவார்கள். ஏற்கெனவே வேகமெடுத்து ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தாதீர்கள். மேலே இருப்பவரிடம் "முன்னால், கீழே, புறப்படும் விமானம்" என்று எச்சரித்து, பார்த்தேன் என்று அவர் சொன்ன பிறகு அப்ரோச்சுக்குத் தகவல் கொடுங்கள். அப்ரோச்சில் யாரும் இல்லை என்றால் வரைபடத்தில் இருக்கும் முறைப்படியே போகச் சொல்லுங்கள். அதையும் கையோடு திறந்து வைத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு உயரம் வரை என்று அவர் கேட்பார்.