எழுபதைத் தாண்டியவருக்கு கிளிப்பா, காயிலா, காத்திருப்பா?

மூளை ரத்தக்குழாயில் வரும் வீக்கம் (அனியூரிசம்) பற்றி நீலகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

*அம்மாவுக்கு 74 வயது. தலைசுற்றலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் மூளை ரத்தக்குழாயில் 5 மி.மீ. வீக்கம் இருப்பது தெரிந்தது. ‘எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்’ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா? — வாசகி, கோத்தகிரி*

பயத்தில் தேதி குறிக்காதீர்கள். பெரியவர்கள் நூறு பேரின் தலையை ஸ்கேன் எடுத்தால் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். அம்மாவின் தலைசுற்றலுக்கு அநேகமாக வேறு காரணம் இருக்கும். அதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

முடிவு எடுக்க இரண்டு ஆபத்துகளைத் தராசில் வைக்க வேண்டும். ஒன்று, விட்டுவிட்டால் வெடிக்கும் ஆபத்து. 2003-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், முன்பு கசிவு (புடைப்பு வெடித்து வரும் ரத்தக்கசிவு) வராதவர்களுக்கு மூளையின் முன்பக்கக் குழாய்களில் இருந்த 7 மி.மீ.க்குக் குறைவான புடைப்புகள் ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. 7 முதல் 12 மி.மீ. வரை இருந்தவற்றில் 2.6 சதவீதம் வெடித்தன. பின்பக்கக் குழாய்களிலும், பின் இணைப்புத் தமனியிலும் கதை வேறு: சிறியவற்றிலேயே 2.5, நடுத்தர அளவில் 14.5 சதவீதம். ஆகவே ‘எத்தனை மி.மீ.’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் ‘எந்தக் குழாயில்’ என்றும் கேளுங்கள். சிறிய புடைப்பு வெடிக்கவே வெடிக்காது என்றும் எண்ண வேண்டாம்; கசிவோடு வருபவர்களில் சிறிய புடைப்புக்காரர்களும் உண்டு.

இரண்டாவது, சிகிச்சையின் ஆபத்து. அதே ஆய்வில் மண்டையைத் திறந்து (கிளிப்) செய்தவர்களில் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ 12 சதவீதம் பேர் இறந்தோ, நினைவாற்றல் உள்ளிட்ட ஏதோ ஒரு குறையோடோ இருந்தார்கள். ரத்தக்குழாய் வழியாக (காயில்) செய்தவர்களில் அது 10 சதவீதத்தை ஒட்டி. இன்று கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் வயது ஏற ஏற, திறந்து செய்யும் ஆபரேஷனின் ஆபத்தும் கூடும். 74 வயதில், முன்பக்கத்தில், வழவழப்பான 5 மி.மீ. புடைப்பு என்றால் கண்காணிப்பதையே பெரும்பாலும் சொல்வோம்: 6 முதல் 12 மாதத்தில் மறுபடி எம்.ஆர்.ஆஞ்சியோ (ரத்தக்குழாயைக் காட்டும் எம்.ஆர்.ஐ.), பிறகு ஆண்டுக்கொரு முறை, மாற்றம் இல்லையென்றால் இடைவெளியைக் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் பழைய படங்களின் சி.டி.யைக் கையோடு கொண்டு போங்கள். ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்து 1 மி.மீ. வளர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

புடைப்பு வளர்ந்தாலோ, அதன் மேல் மொட்டுப்போல் இன்னொரு புடைப்பு கிளம்பினாலோ முடிவு மாறும். ஒரு பக்கக் கண்ணிமை திடீரெனச் சரிந்து, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணை அசைக்கும் நரம்பைப் புடைப்பு அழுத்தலாம் என்று அதற்குப் பொருள்.

*அப்பாவுக்கு 71. ஒரு டாக்டர் கிளிப் என்கிறார், இன்னொருவர் காயில் என்கிறார். வயதானவருக்கு எது நல்லது? — வாசகர், குன்னூர்*

கிளிப் என்றால் முழு மயக்கத்தில் முடிக்கோட்டுக்குள் தோலைக் கீறி, மண்டை எலும்பில் ஒரு துண்டை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் மூளை மடிப்புகளைப் பிரித்துக்கொண்டே புடைப்பின் கழுத்தை (குழாயோடு சேரும் அடிப்பகுதியை) அடைவார்கள். அங்கே டைட்டானியம் கிளிப் மாட்டி, பக்கத்துக் குழாய்களில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எலும்பைத் திரும்பப் பொருத்துவார்கள். பல மணி நேர வேலை. காயில் என்றால் தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச்சுருளை நிரப்புவார்கள். ரத்தம் உள்ளே சுழலாமல் உறைந்து அடைபடும்.

முதியவருக்குப் பொதுவாகக் காயிலை முதலில் யோசிப்பார்கள். 2143 கசிவு நோயாளிகளை வைத்து நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், ஓராண்டில் இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் வாழ முடியாதவர்களும் காயில் தரப்பில் சுமார் 24 சதவீதம், கிளிப் தரப்பில் 31 சதவீதம். ஆனால் அதே ஆய்வின் 65 வயதைத் தாண்டியவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, நடு மூளைத் தமனியில் புடைப்பு உள்ளவர்களுக்குக் கிளிப்பே நன்றாக அமைந்தது. இரு டாக்டர்களும் வேறு வேறாகச் சொல்வதற்கு இடமே காரணமாக இருக்கலாம்.

முதுமை இரண்டு வழியிலும் தடை போடும். பெருந்தமனி வளைவு நீண்டு சுருண்டிருந்தால் காயில் குழாய் மேலே ஏறாமல் நழுவும். புடைப்பின் கழுத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கிளிப் முழுதாக மூடாது. அழுத்தினால் படிமம் உடைந்து வேறு குழாயை அடைக்கும். கழுத்து அகலமாக இருந்தால் காயில் வெளியே வராமலிருக்க ஸ்டென்ட் (குழாய்க்குள் வைக்கும் வலைக்குழல்) வேண்டும். ஸ்டென்ட் என்றாலே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற ரத்த மெலிப்பு மாத்திரைகள் சேர்த்துப் பல மாதம். பல் பிடுங்குவதற்காக ஊர் மருந்துக் கடையில் யாரோ சொன்னார்கள் என்று அதை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். வயிற்றுப் புண், அடிக்கடி கீழே விழுவது, வேறு ரத்த மெலிப்பு மாத்திரை ஆகியவற்றை முன்பே சொல்லுங்கள். படம் எடுக்கச் சாயம் செலுத்துவார்கள் என்பதால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும். சுகருக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர் அதையும் சொல்ல வேண்டும். காயில் போட்ட புடைப்பு மறுபடி திறந்துகொள்ளலாம், ஆகவே சுமார் ஆறு மாதத்தில் ஆஞ்சியோ உண்டு.

*திடீர் தலைவலி வந்தால் முதலில் என்ன செய்வது? கூடலூரிலிருந்து எங்கே போவது? — வாசகர், கூடலூர்*

‘வாழ்நாளில் இப்படி வலித்ததில்லை’ என்று சில நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, வாந்தி, கழுத்து இறுக்கம், மயக்கம். இதுதான் கசிவின் முகம். வலி தொடங்கிய மணியைக் குறித்துவைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். வாயில் உணவோ காபியோ வேண்டாம். மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வீட்டிலிருக்கும் பி.பி. மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு இறக்க முயல வேண்டாம்.

முதலில் சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் கசிவு தப்புவது மிக அரிது. பிறகு மூளை அறுவை, குழாய்வழிச் சிகிச்சை இரண்டும் உள்ள மையம். ஊட்டி வழியாகக் கோவைக்கு இறங்குவதா, நாடுகாணி வழியாகக் கேரளப் பக்கமா என்பதை வலி வந்த இரவில் யோசிக்காதீர்கள். புடைப்பு இருப்பது தெரிந்த வீடு இதை இன்றே விசாரித்து வைத்திருக்க வேண்டும். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

மருத்துவமனையில் புடைப்பை அடைத்ததோடு முடிவதில்லை. 4 முதல் 14-ஆம் நாள் வரை மூளைக் குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வரலாம். அதனால் ஏற்படும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபைன் 60 மி.கி. நான்கு மணிக்கொரு முறை 21 நாள் கொடுப்பார்கள், பி.பி. இறங்கினால் அளவை மாற்றுவார்கள். மூளை நீர் தேங்கலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். முதியவரிடம் இவை வெறும் குழப்பமாக, தூக்கமாக மட்டுமே தெரியலாம். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். முடிவை வயதைவிட, வந்து சேரும்போது இருந்த நினைவு நிலையே பெரிதும் தீர்மானிக்கிறது. பேசிக்கொண்டு வரும் 78 வயதுக்காரரை வயதைக் காட்டி ஒதுக்குவது தவறு. ஆழ்ந்த மயக்கத்தில், இரு கண் பாப்பாவும் அசைவற்று வருபவருக்கு எதுவரை சிகிச்சை என்பதைக் குடும்பம் டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

*ஆபரேஷன் முடிந்து எப்போது மலை ஏறலாம்? ஊட்டிக் குளிர் ஆகுமா? — வாசகி, உதகை*

மண்டையைத் திறந்து செய்திருந்தால் உள்ளே கொஞ்சம் காற்று தங்கும். சில வாரத்தில் தானே கரையும். கோவை சுமார் 410 மீட்டர், உதகை 2240. மேலே வரும்போது அந்தக் காற்று ஏறக்குறைய கால் பங்கு விரியும். ஆகவே ‘உள்ளே காற்று பாக்கி இருக்கிறதா’ என்று கடைசி சி.டி.யைக் காட்டிக் கேட்டபிறகே ஏறுங்கள். காயிலுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் தொடை வழி செய்திருந்தால் சில நாள் மடக்கி உட்காரக் கூடாது. மலைப்பாதையில் அந்த இடம் வீங்கினால் வண்டியை நிறுத்தி அழுத்திப் பிடியுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டல் வருபவர் முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

குளிரில் பி.பி. ஏறும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் காலை, மாலை அளந்து எழுதுங்கள். கதவை அடைத்துக் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அந்தப் புகையின் கார்பன் மோனாக்சைடும் தலைவலியாகவே தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வலித்தால் உடனே வெளியே வாருங்கள்.

*கிளிப் போட்டவர் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? — வாசகர், குந்தா*

டைட்டானியம் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். பழைய சில எஃகு கிளிப்புகளுக்குக் கூடாது. கிளிப்பின் பெயர், மாடல் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு வைத்திருங்கள்.

*அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இந்தக் கசிவு வந்தது. எனக்கு 45. நானும் பார்க்க வேண்டுமா? — வாசகி, அருவங்காடு*

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய ரத்த உறவில் இருவருக்கு வந்திருந்தால் ஊசி, சாயம் இல்லாத எம்.ஆர்.ஆஞ்சியோ ஒன்று எடுத்துப் பார்ப்பது வழக்கம். அம்மாவின் உடன்பிறப்புகளுக்கு அம்மா ஒருவர், பெரியம்மா இன்னொருவர் என அந்த இருவர் உண்டு. உங்களுக்கு நேர் உறவு அம்மா மட்டும்தான். ஆகவே அம்மாவின் மற்ற உடன்பிறப்புகள் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் பி.பி.யை அளந்துவிட்டு டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதை நிறுத்துவது ஸ்கேனுக்கும் முன்னால் வர வேண்டிய வேலை.