மெழுகுக் கலவையின் உருகுநிலையை அளக்க எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வி: வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். பாரஃபின் மெழுகோடு ஸ்டியரிக் அமிலம் சேர்த்து ஊற்றுவது வழக்கம். இரண்டு கடைகளில் வாங்கிய பாரஃபினிலும் உருகுநிலை 58 டிகிரி என்றே போட்டிருந்தது. ஆனால் ஒன்றில் செய்த வர்த்தி வெயில் பட்டால் வளைகிறது. நானே அளந்து பார்க்க, 0.1 டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் உருகுநிலைக் கருவி வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கருவி உலர்ந்த தூளைச் சோதிக்கும் ஆய்வகங்களுக்கு உதவும். சுத்தமான ஒரே பொருள் என்றால் ஒரு டிகிரிக்குள் உருகி முடிந்துவிடும். கலவை அப்படி உருகாது. ஓரிடத்தில் கசியத் தொடங்கி, சில டிகிரி தாண்டிய பிறகுதான் முழுதாகத் தெளியும். ஐந்து டிகிரி அகலத்துக்கு உருகும் பொருளுக்குத் திரையில் தசமப் புள்ளி எதற்கு?

நீங்கள் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமானது 69 டிகிரியில் உருகும். விற்பனைக்கு வருவது பெரும்பாலும் பால்மிடிக் அமிலம் கலந்தது; அது தனியாக 63-ல் உருகும். கலந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்த சரக்கு 55 டிகிரி சுமாருக்கு இறங்கிவிடும். பாரஃபினும் ஒரே பொருள் இல்லை, வெவ்வேறு நீளச் சங்கிலிகள் கொண்ட ஹைட்ரோகார்பன்களின் கலவைதான்.

அடுத்து, அந்த 58 எப்படி அளந்த 58 என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உருகிய மெழுகை ஆறவிட்டு, வெப்பநிலை இறங்காமல் சற்று நேரம் நிற்கும் இடத்தைக் குறிப்பது ஒரு முறை. தெர்மாமீட்டர் குமிழில் ஒட்டிய மெழுகு முதல் சொட்டாக விழும் வெப்பநிலையைக் குறிப்பது இன்னொன்று. குமிழில் ஒட்டிய மெழுகுத் துளி ஆறி உறையும் வெப்பநிலையை எடுப்பவர்களும் உண்டு. ஒரே மெழுகுக்கு இவை ஒரே எண்ணைத் தருவதில்லை. முறையின் பெயர் இல்லாத எண்ணை வைத்து இரண்டு சரக்கை ஒப்பிடவே முடியாது. விற்பவர் பதில் சொல்லத் தயங்கினால், அந்த எண்ணை நம்பி மூட்டைக் கணக்கில் வாங்க வேண்டாம்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல தெர்மாமீட்டர், பீக்கர், இருபுறமும் திறந்த மெல்லிய கண்ணாடிக் கேபிலரி குழாய்கள் போதும். உருகிய மெழுகில் குழாயின் நுனியைத் தொட்டால், சென்டிமீட்டர் உயரத்துக்கு அதுவாகவே உள்ளே ஏறிக்கொள்ளும். அதைக் குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு இறுக விடுங்கள். மறுநாள் மெழுகு இருக்கும் முனை தெர்மாமீட்டர் குமிழுக்குப் பக்கத்தில் வரும்படி ரப்பர் பேண்டால் கட்டி, நீர் நிறைந்த பீக்கரில் இறக்குங்கள். மெழுகு முழுதும் நீருக்கடியில் இருக்க வேண்டும், குழாயின் மேல்முனை வெளியே தெரிய வேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாமல் சூடாக்குங்கள். முதலில் குழாய்க்குள் வெள்ளைத் தூணாக நிற்கும் மெழுகின் ஓரம் கண்ணாடி போல ஆகும். பிறகு கீழிருந்து தண்ணீர் தள்ள, தூண் சட்டென்று மேலே வழுக்கும். அந்த நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் மூன்று குழாய் வைத்துச் சராசரி எடுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் எண் கூடுதலாகத்தான் வரும்.

ஆனால் வளைவதற்கு உருகுநிலை மட்டும் காரணமாக இருக்காது. நான் முதலில் சந்தேகப்படுவது மெழுகில் மிச்சமிருக்கும் எண்ணெயை. முழுதாகச் சுத்திகரித்த பாரஃபினில் அது அரை சதவீதம் அளவில்தான் இருக்கும். கூடுதலாக இருந்தால், உருகுவதற்கு வெகு முன்பே மெழுகு தளர்ந்துவிடும். எண்ணெய் சதவீதம் எழுதிய தரச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கருவிக்குச் செலவழிப்பதை விட இந்த ஒரு தாள் உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்துக்குப் பழைய உருகுநிலைக் கருவி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்களுக்கு அது சரியான பொருள்தான். பணம் கொடுக்கும் முன் கையோடு சுத்தமான பென்சாயிக் அமிலமும் நாஃப்தலீனும் எடுத்துப் போங்கள். பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் உருக வேண்டும், நாஃப்தலீன் 80-ல். இரண்டிலும் ஒரே அளவு பிசகினால் திருத்தம் போட்டுச் சமாளிக்கலாம். ஒன்றில் கூடியும் மற்றதில் குறைந்தும் வந்தால் விட்டுவிடுங்கள். சூடேறும் வேகத்தை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குக் குறைக்க முடிகிறதா என்பதும் முக்கியம். அது முடியாத கருவியில் எத்தனை தசமம் தெரிந்தும் பயனில்லை.

வாங்கிய பிறகு மாணவர்களுக்கு யூரியாவையும் சின்னமிக் அமிலத்தையும் கொடுங்கள். தனித்தனியே இரண்டும் 133 டிகிரி சுமாருக்கு உருகும். சரிபாதியாகச் சேர்த்து அரைத்து வைத்தால் அதற்கு வெகு கீழேயே ஈரம் தட்டத் தொடங்கும். தெரியாத பொருளைத் தெரிந்ததோடு கலந்து, உருகுநிலை இறங்காவிட்டால் இரண்டும் ஒன்றே என்று அடையாளம் காணும் முறை அப்போது அவர்களுக்குப் பிடிபடும்.

கேள்வி: நெற்றியில் காட்டும் அகச்சிவப்பு வெப்பமானியால் உருகுநிலை அளக்கலாமா?

பதில்: முடியாது. அது உடல் வெப்ப வரம்புக்கென்று செய்தது. தொழிற்சாலை வகை வாங்கினாலும் மேற்பரப்பின் வெப்பத்தைத்தான் காட்டும். மெழுகிலோ மேல் ஏடு ஆறிய பிறகும் உள்ளே சூடாகவே இருக்கும். பொருளுக்குள் முழுகும் தெர்மாமீட்டரையே வாங்குங்கள்.